ஏழாவது போல்ட் ஓட்டைத் தண்ணீர்

சுக்காம்பாறைப் பட்டறைத் தெருவில், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மேசைமேல் கிடத்தியிருந்த ரிக் வண்டி எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் ஏழாவது போல்ட் ஓட்டையிலிருந்து தண்ணீர் வந்தபோது, செங்கோட்டுவேலுக்கு முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை, வெட்கம். முப்பது வருஷமாக, திருகுப் பள்ளம் தேய்ந்து மரை போன ஓட்டைகளுக்குத் திரும்ப மரை போட்டுக்கொண்டிருக்கிற மனிதர் அவர். ட்ரில் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதற்கு அடையாளமாக அதன் இடுப்பில் கறுப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றாமல் எந்த ஓட்டையிலும் கை வைத்ததில்லை. அன்றைக்கு அசதியில் டேப்பைச் சுற்ற மறந்துவிட்டார். ஓட்டைக்குக் கீழே விரல் கனத்துக்கும் குறைவான இரும்புச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஓடும் அறை. அந்தச் சுவரைத் துளைத்துவிட்டால் ஹெட்டு பழைய இரும்புக்குத்தான் போகும். துளைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார், யாராவது பார்த்துவிட்டார்களா என்று தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். தண்ணீர் விரலைத் தள்ளிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த ஹெட்டை எஞ்சினிலிருந்து கழற்றி ஒன்பது நாளாகிறது. வடக்கே எங்கேயோ ஒரு மலையடிவாரத்தில் கழற்றி, மூன்று லாரி மாறி, வெங்காய மூட்டைக்கு மேல் படுத்துக்கொண்டு வந்த சாமான் இது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்க வழியில்லை. விரலை எடுத்து நக்கிப் பார்த்தார். லேசாக இரும்பு வாசம் அடித்தது. மற்றபடி உப்பில்லாத நல்ல தண்ணீர்.

"மரகதம், ஒரு கொடம் எடுத்தா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. மனைவி மரகதம் குடத்தோடு வந்தாள். எங்கேயிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகத் தண்ணீர் வரிசையில் நின்று, வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போய், இப்போது நிறைகுடத்தை இடுப்புக்கு ஏற்ற இன்னொரு கை வேண்டியிருக்கிற பெண்பிள்ளை தண்ணீரைக் கண்டால் கேள்வி கேட்கமாட்டாள், பாத்திரத்தை நீட்டுவாள். மேசை விளிம்பில் வழிந்ததைக் குடத்தில் பிடித்து நிறைத்துக்கொண்டு, "இன்னொண்ணு எடுத்தாரட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சுக்காம்பாறையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது போர் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்குப் போயிருப்பார். நாட்டில் தண்ணீர் இல்லாத எந்தக் காட்டுக்குப் போனாலும், அங்கே புழுதியைக் கிளப்பிக்கொண்டு நிற்கிற வண்டியில் தமிழ் பேசுகிற நாலு பேர் இருப்பார்கள், அதில் ஒருத்தர் சுக்காம்பாறைக்காரராக இருப்பார். ஊரார் நிலத்தையெல்லாம் ஓட்டை போட்டுத் தண்ணீர் காட்டின இந்த ஊர், தன் நிலத்தை இருநூறு இடத்தில் ஓட்டை போட்டுப் பார்த்து, ஆயிரத்து நானூறு அடி வரைக்கும் கோலப்பொடி மாதிரி வெள்ளைக் கல்மாவைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை. பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வரும். அது வருகிற அன்றைக்கு ஊரில் கல்யாணம்கூட வைக்கமாட்டார்கள்.

ஹெட்டு பாவாயியுடையது. பாவாயிக்கு நாற்பத்தெட்டு வயது, ஒரே ஒரு ரிக் வண்டி. வண்டியையும் ஆறு ஆட்களையும் நடத்துகிறவன் அவள் தம்பி குழந்தைவேல். வடக்கே போன இடத்தில் எண்ணூறு அடி இறங்கியும் தண்ணீர் தட்டவில்லை. அந்த ஆத்திரத்தில் குழந்தைவேல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது ஸ்பானருக்குப் பின்னால் மூன்றடிக் குழாயைச் சொருகி முறுக்கியிருக்கிறான். போல்ட்டோடு மரையும் சேர்ந்து வழித்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான், அடிக்கவில்லை, வையவில்லை, சோறும் போட்டார்கள்; தண்ணீரைக் காட்டாமல் வண்டி நகரக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். ஹெட்டை மட்டும் கழற்றி ஊருக்கு அனுப்பினான் குழந்தைவேல். அந்த மாடல் எஞ்சின் வருவது நின்று வெகு காலமாகிவிட்டது, வேறு ஹெட்டு கிடைக்காது, செங்கோட்டுவேல் போட்டால்தான் அந்த மரை நிற்கும்.

செங்கோட்டுவேல் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். மரை வழித்துக்கொண்ட ஓட்டையை ட்ரில் போட்டுக் கொஞ்சம் பெரிதாக்கி, புதிதாக மரை வெட்டி, அதற்குள் எஃகுக் கம்பியில் சுருட்டின ஸ்பிரிங் ஒன்றைத் திருகி இறக்குவார். காயில் என்பார்கள். இனி போல்ட்டுக்கு மரை அதுதான். காயிலைத் திருகி இறக்கப் பிடிப்பு வேண்டுமென்று அதன் அடியில் குறுக்கே ஒரு சின்ன வால் வைத்திருப்பார்கள். காயில் உட்கார்ந்ததும் ஊசி உளியால் ஒரு தட்டுத் தட்டினால் வால் உடையும், இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் அரிசிமணி அளவு வால் என்றைக்காவது எஞ்சினுக்குள் புகுந்து ஆளையே கவிழ்த்துவிடும். முப்பது வருஷத்து வால்களையும் செங்கோட்டுவேல் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். ஒன்றையும் எஞ்சினில் விட்டதில்லை என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பெருமை. மற்றபடி மனிதர் களைத்துப் போயிருந்தார். எவனெவனோ ஆத்திரத்தில் முறுக்கினதையெல்லாம் நேராக்கி நேராக்கி மணிக்கட்டு இரண்டும் வீங்கி, படுத்து எழுந்தாலும் தீராத களைப்பாகிவிட்டிருந்தது.

முதல் நாள் தெரு வந்தது, இரண்டாம் நாள் ஊர் வந்தது, மூன்றாம் நாள் சண்டை வந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. பட்டறை மேசையில் தண்ணீர் வருகிறதாம் என்று சொன்னபோது, ஊர்ப் பெண்கள் கேட்ட கேள்வியெல்லாம் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணி வரைக்கும் வருகிறது என்பதுதான். எந்நேரமும் வருகிறது என்றதற்கு மட்டும் இரண்டொருத்தர் நம்பாமல் சிரித்தார்கள். ஓட்டையில் புது மரை வெட்டி, செங்கோட்டுவேல் லேத்தில் ஒரு பித்தளை முனையைக் கடைந்து அதில் திருகி, முனையில் பச்சை ரப்பர் குழாயை மாட்டித் தெருவுக்கு இழுத்துவிட்டார். ஒரு குடம் நிறைய ஐந்து நிமிஷம் ஆனது. நாலாம் நாள் இரும்பு வாசம் அடிக்கிறதென்று புகார் வந்தது. ஐந்தாம் நாள் நேற்றைக்கு இன்று வேகம் கம்மி என்றார்கள். ஆறாம் நாள் கோயில் திருமஞ்சனத்துக்கு ஒரு மணி நேரம் குழாயை விட வேண்டுமென்று தேங்காய் பழத்தோடு வந்து கேட்டார்கள், விட்டார், போகும்போது ஹெட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு மாலையும் போட்டுவிட்டுப் போனார்கள்.

நீரோட்டம் பார்க்கிறவர் ஒருத்தர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். மேசைக்கு நேரே வந்ததும் தேங்காய் எழுந்து நெட்டுக்குத்தலாக நின்றது. "பாத்தீங்களா, நிக்குதா?" என்று எல்லாரிடமும் காட்டினார். அவர் குறித்துக் கொடுத்த இடத்தில் கல்மாவைப் பார்த்தவர்கள் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், பாவம் என்று ஒன்றும் சொல்லவில்லை.

வார்டு கவுன்சிலர் வையாபுரி முறை வைத்துக் கொடுத்தார். பட்டறையில் கிடந்த வாஷர்களையே டோக்கன் ஆக்கினார்: மேலத்தெருவுக்குப் பித்தளை வாஷர், கீழத்தெருவுக்கு இரும்பு வாஷர், காலனிக்கு ரப்பர் வாஷர், அது கடைசி முறை. செங்கோட்டுவேல் மறுநாள் காலையில் எல்லா வாஷரையும் ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கி, கைக்கு வந்ததைக் கொடுத்தார். வையாபுரி வந்து சத்தம் போட்டார். "எனக்கு மரை தெரியுமுங்க, தெரு தெரியாதுங்க" என்றார் செங்கோட்டுவேல். உட்கார்ந்தபடியே சொன்னார், எழுந்து நிற்கத் தெம்பில்லை. மேசையை ஹெட்டு அடைத்துக்கொண்டிருந்ததால் வேறு வேலை எதையும் எடுக்க முடியாமல், விடிந்ததும் குழாயைப் பிடித்துக்கொண்டு பொழுது சாய்கிற வரைக்கும் அடுத்த குடம், அடுத்த குடம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் பாவாயி தினமும் காலையில் வந்து, வாசலில் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, என் ஹெட்டு."

"தெரியுது அம்மிணி. என்ன பண்ணச் சொல்ற? ஊரே நிக்குது பாரு."

"என் தம்பியும் அங்க நிக்கறானுங்ண்ணா."

வையாபுரி அவளுக்கு வேறு ஹெட்டு வாங்கித் தருவதாக எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். கேட்கும்போதெல்லாம் "சொல்லி வெச்சிருக்குது, நாளைக்கு வந்துரும்" என்றார். பாவாயி தண்ணீர் பிடிக்கவில்லை. ஒரு நாள் அவளுடைய மருமகளே குடத்தோடு வரிசையில் நின்றபோது, பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நடந்த ஒன்றை செங்கோட்டுவேல் யாரிடமும் சொல்லவில்லை. குழாயைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு உள்ளே போனார். மரகதம் மூன்று குடம் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக் குளித்துவிட்டு, துவட்டாமல், சமையலறை நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். முடியிலிருந்து தரையெல்லாம் சொட்டியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முடியிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் பார்த்ததில்லை. ஒரு சொம்பில் முகம், ஒரு வாளியில் உடம்பு, அந்த வாளித் தண்ணீரிலேயே பிறகு துணி, அந்தத் துணித் தண்ணீரிலேயே பிறகு தரை என்று வாழ்ந்தவள். அவரைப் பார்த்ததும் திருடியவள்போல் முந்தானையை இழுத்துத் தலையைத் துடைத்தாள். "இருக்கட்டும், சொட்டட்டும்" என்றார் அவர். ட்ரில்லில் டேப் சுற்ற மறந்ததற்காக அன்றைக்கு ஒரு நாள் சந்தோஷப்பட்டார்.

எட்டாம் நாள், திரும்பவும் செவ்வாய்க்கிழமை, குழந்தைவேல் போன் பண்ணினான். பாவாயி சத்தத்தைக் கூட்டி, போனைச் செங்கோட்டுவேலுக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணா, எப்பத்தான் அனுப்புவீங்க? இங்க நெலம மோசமாப் போச்சுங்."

"என்னப்பா ஆச்சு?"

"இந்த ஊருக்கே ஒரே ஒரு அடிபம்புங்ண்ணா. நாங்க வந்தப்ப அதுல தண்ணி நல்லாத்தான் வந்துச்சு, நாப்பது ஊடும் அத வெச்சுத்தான் பொழச்சுது. இப்ப அதுவும் நின்னு போச்சு. அடிச்சா காத்துதான் வருது. நாங்க ஓட்ட போட்டுத்தான் ஊத்து அடஞ்சு போச்சுன்னு சொல்றாங்க. பொம்பளைங்க காலைல ஏழு மைல் நடந்து போறாங்க. எங்களுக்கு ஆளுக்கு ஒரு சொம்புதான் தராங்க, அதயும் மொறைச்சுக்கிட்டுத் தராங்க."

செங்கோட்டுவேல் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். "என்னைக்கு நின்னுச்சு?"

"போன செவ்வாக்கெழம மத்தியானமுங். சோத்துக்குக் கை கழுவப் போனோம், அப்பப் பாத்து நின்னுச்சு. பம்புப் பக்கத்துல ஒரு இலுப்ப மரம், அதுக்கடியிலதான் கெடக்கறோம். பூவாக் கொட்டுது. பசிச்சா அதப் பொறுக்கித் திங்கறோமுங்."

பாவாயி போனை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். செங்கோட்டுவேல் பச்சைக் குழாயை அடுத்த குடத்தில் போட்டுவிட்டு, "சோறு தின்னுட்டு வந்தர்றேன்" என்று உள்ளே போனார்.

சமையலறையில் அடுப்புக்குப் பின்னால், வழக்கமாக மிளகாய் காய்கிற முறத்தில், வெளிறின மஞ்சளில் கொழுகொழுவென்று சின்னச் சின்னப் பூக்கள் காய்ந்துகொண்டிருந்தன. இனிப்பும் புளிப்புமாக வாசனை. சுக்காம்பாறையில் இலுப்பை மரம் கிடையாது. பஸ் ஏறிப் போனால் மலைக்கோயில் தோப்பில் இரண்டு நிற்கிறது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

மரகதம் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "தண்ணியில."

"எத்தன நாளா?"

"மூணாம் நாள்ல இருந்து. விடியக்காலம் மொதக் கொடத்துல நாலஞ்சு வரும். யாரும் பாக்கறதுக்கு முந்தி எடுத்துருவேன்."

"எங்கிட்டச் சொல்லலையே."

"சொன்னா அடச்சுப்போடுவீங்க."

அவர் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவள் போட்டாள். குழம்பு ஊற்றும்போது அவளே ஆரம்பித்தாள்.

"பூ எங்கியோ மரத்துலதான வருது. அப்பத் தண்ணி மட்டும் சும்மாவா வரும்? அங்க எவளோ ஒருத்தி வெறுங்கொடத்தோட நிப்பான்னு எனக்குத் தெரியாதுங்களா? நானும் நின்னவதான. இன்னும் நாலு நாள் கெடக்கட்டும், நாலு நாள் போகட்டும்னு இருந்தேன்." அழவில்லை. கரண்டியைத் தட்டோரத்தில் வைத்தாள். "நாலு நாளும் போயிருச்சு. ஆனா மனசு வரலீங்."

செங்கோட்டுவேல் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். அவளைக் கோபித்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. அவருக்கும் மனசு வரவில்லை. அன்றைக்கு மிச்சப் பொழுதும் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு குடம் நிறையும்போதும், அந்தப் பக்கம் ஒரு குடம் குறைகிறது என்று தோன்றியது. இந்தப் பெண்களும் பாவம், அந்தப் பெண்களும் பாவம், இந்தத் தராசை என் கையில் யார் கொடுத்தார்கள் என்று யோசித்தார். யாரும் கொடுக்கவில்லை. டேப் சுற்றாமல் ட்ரில்லை எடுத்தது அவர்தான். அவர் விட்ட ஆழத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் புதன்கிழமை, வெயில் உச்சியில் நிற்கிற நேரம், வரிசையில் ஐந்து பெண்கள்தான் இருந்தார்கள், தகரக் கூரையின் நிழலில் குடங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செங்கோட்டுவேல் எழுந்து பச்சைக் குழாயைப் பிடுங்கினார். பித்தளை முனையைத் திருகிக் கழற்றினார். தண்ணீர் மேசைமேல் கொப்பளித்துத் தரைக்கு வழிந்தது. குழாய் மாற்றுகிறார் என்று அந்தப் பெண்கள் நினைத்தார்கள். ஒருத்தி வழிகிற தண்ணீர் வீணாகக் கூடாதென்று எழுந்து வந்து தன் குடத்தை மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவர் காயிலை எடுத்துத் திருகுகோலில் மாட்டினார். வீட்டுக் கதவுப் பக்கம் மரகதம் வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காயில் தண்ணீருக்குள் புகுந்து ஒவ்வொரு சுற்றாக இறங்கியது. கடைசிச் சுற்றை இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துத் திருகினார்.

"இன்னும் எவ்வளவு நேரமாகுமுங்ண்ணா?" என்றாள் நிழலில் இருந்தவர்களில் ஒருத்தி, பொறுமையாக.

"ஆச்சும்மா" என்றார்.

ஊசி உளியை வைத்துச் சுத்தியால் ஒரே தட்டு. டக் என்று வால் உடைந்தது. அந்தச் சத்தத்தோடு தண்ணீர் கொப்பளிப்பது நின்றது, ஓட்டை விளிம்பில் ஒரு கணம் தளதளத்தது, பிறகு உள்ளே இறங்கியது. இடுக்கியை எடுத்துக்கொண்டு குனிவதற்குள் வாலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கம்பியை விட்டுத் துழாவினார், அடி தட்டவில்லை. ஓட்டையில் காதை வைத்துக் கேட்டார். விழுந்த சத்தமே கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வால் அவர் கைக்குத் தப்பிவிட்டது. போல்ட்டை எடுத்து விரலாலேயே திருகினார். வெண்ணெயில் போவதுபோல் போனது. பிறகு ஸ்பானர். எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவுதான் முறுக்கினார், ஒரு மயிரிழை அதிகம் இல்லை.

பாவாயியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "வால் உள்ள போயிருச்சு அம்மிணி. எடுக்க முடியல. உன் எஞ்சினுக்கு வராதுன்னு நினைக்கறேன். எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல."

"நீங்க போட்டது போதுமுங்ண்ணா" என்றாள் பாவாயி. அப்போதுதான் அழுதாள். அவர் காலையிலேயே சொல்லி வைத்ததால் வெளியே தயாராக நின்ற லாரியில் நாலு பேர் ஹெட்டை ஏற்றினார்கள், மஞ்சள் குங்குமத்தைக்கூடத் துடைக்கவில்லை. மேசைக்கடியில் முக்கால் குடம் நிறைந்திருந்தது. அந்தப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு, லாரி போன பக்கத்தையும் செங்கோட்டுவேலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

ஊர் அவரை அடிக்கவில்லை. வையாபுரி வந்து, அந்த ஹெட்டு ஊர்ச் சொத்து, கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்று அரை மணி நேரம் கத்தினார். செங்கோட்டுவேல் அங்கே நின்றுபோன அடிபம்பைப் பற்றிச் சொன்னார். கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் கண்ணில் பார்த்தாயா என்று கேட்டார்கள், ஒரு பெண், "நம்ம கொழாய் நின்னப்ப எவன் வந்து கேட்டான்?" என்றாள். சாயங்காலம் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து வாஷர்களை மேசைமேல் போட்டுவிட்டுப் போனார்கள், எறியவில்லை, போட்டார்கள். மூன்று நாளில் ஊர் பழையபடி குழாய் வருகிற நாளை எண்ணத் தொடங்கியது. ஒன்பது நாள் மேசையில் தண்ணீர் வந்ததைப் பற்றி, போன வருஷம் தேர் முட்டிக்கொண்டதைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினார்கள். பட்டறைக்கு வேலை வருவது மட்டும் குறைந்தது.

தண்டனை மரகதத்துக்குத்தான் விழுந்தது. அடுத்து குழாயில் தண்ணீர் வந்த அன்று அவள் முன்னால் போய் வைத்த குடத்தை யாரோ நகர்த்திக் கடைசியில் வைத்திருந்தார்கள். அவள் எடுத்து முன்னால் வைக்கவில்லை. கடைசியில் நின்றாள். செங்கோட்டுவேல் குழாயடிக்கு வந்து, எப்போதும்போல் குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் ஏற்றக் குனிந்தபோது, அவள் அவர் கையைத் தள்ளிவிட்டு, ஒரு காலை மண்டிபோட்டு, பல்லைக் கடித்துத் தானே தூக்கினாள். பாதி குடம் சேலையில் கொட்டியது. வீட்டில் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசத்தான் இல்லை. அவளுக்கும் அவர் செய்ததுதான் சரி என்று தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இறங்க வழியில்லாமல் இருந்தது. செங்கோட்டுவேலுக்கு அதுவும் புரிந்தது, அதனால் அவரும் பேச்சை எடுக்கவில்லை.

சித்திரை பிறந்து இரண்டாவது வாரம் குழந்தைவேல் ஊருக்கு வந்தான். கறுத்து, இளைத்து, சிரித்துக்கொண்டு பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"அந்தப் புதன்கெழம மத்தியானமே அடிபம்புல தண்ணி திரும்பிருச்சுங்ண்ணா. ஹெட்டு வந்து பூட்டி ஓட்டுனோம். மறுநாளு, தொள்ளாயிரத்து நாப்பது அடியில, பிச்சுக்கிட்டு வந்துச்சு பாருங்க. பொம்பளைங்க எல்லாம் சேத்தோட சேத்தா நின்னு நனஞ்சாங்க. எங்களுக்கு மாலை போட்டாங்க, அந்த இலுப்பப் பூவுல." சட்டைப் பையிலிருந்து பீடிக் கட்டுத் தாளை எடுத்துப் பிரித்தான். "காத்தடிச்சுச் சேத்த வெளிய தள்றப்ப, மொதத் தண்ணியில இது வந்து எங்கால்ல ஒட்டிச்சு. மினுமினுன்னு இருந்துச்சா, எடுத்துப் பாத்தா, உங்க சாமானாட்டம் தெரியுது. அடியில எப்படிங்ண்ணா?"

தாளில் அரிசிமணி அளவு எஃகு வால் இருந்தது. செங்கோட்டுவேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உடைந்த வாயில் சாய்வாக ஒரு கோடு. அவருடைய ஊசி உளியின் முனை ஒரு பக்கம் தேய்ந்திருந்ததால், பாட்டிலில் இருந்த ஒவ்வொரு வாலிலும் அந்தக் கோடு உண்டு.

"எப்படியோ வந்துச்சுப்பா" என்றார்.

அன்றைக்குக் குழாய்த் தண்ணீர் வருகிற நாள். மரகதம் வரிசையின் கடைசியில், நிறைந்த குடத்துக்குப் பக்கத்தில், அதைத் தூக்குவதற்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். செங்கோட்டுவேல் தெருவைத் தாண்டிப் போய் அவள் கையைப் பிடித்து விரித்து உள்ளங்கையில் வாலை வைத்தார். அவள் அதை விரலால் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்தப் பாட்டிலைத் துடைத்து வைத்தவள், அது என்னவென்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"குழந்தைவேல் கொண்டாந்தான். மொதத் தண்ணியோட வந்துச்சாம்."

அவள் முகம் தளர்ந்தது. "எத்தன ஊடுன்னான் அங்க?" என்றாள். அவர் அவள் குரலைக் கேட்டு இருபத்து மூன்று நாளாகியிருந்தது.

"நாப்பது."

மரகதம் வாலை முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். மற்றப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் இறங்கின தோளை ஒரு தடவை மேலே இழுத்துவிட்டு, இடுப்பைச் சாய்த்து நின்று, அவர் பக்கம் திரும்பினாள்.

"கொடத்தத் தூக்கி உடுங்க" என்றாள்.